கதவக்கா

மன்னார் ரவுணிலையிருந்து தீவின்ரை வடக்குக் கரைக்குப் போற பஸ்ஸிலை எடித்தக்கா ஏறினா எண்டா, கொண்டக்டர் பெடியன் முதல் சொல்லுற கதை, "கதவக்கா, கதவடியிலை நில்லாதேங்கோ, உள்ளுக்குப் போங்கோ" எண்டதுதான். பஸ் சிரிக்கும். எடித்தக்கா சிரிக்க மாட்டா. "நான் நிண்டாத்தான்ரா கதவு கதவாயிருக்கும்" எண்டு சொல்லிப்போட்டு அதிலையே நிப்பா. ஐம்பது தாண்டின மனுசி. கட்டையான உருவம், குரல் மட்டும் நெட்டை. கையிலை எப்பவும் ஒரு கறுத்தக் குடை இருக்கும், மழையெண்டாலும் வெயிலெண்டாலும், றோட்டிலை படுத்திருக்கிற கழுதையளைக் கலைக்கிறதெண்டாலும்.

அந்தப் பேர் சும்மா வரேல்லை. ரவுணிலை பெண்களுக்கெண்டு ஒரு நிலையம் இருக்கு, புருசன்மாரிட்டை அடிவாங்கிற பொம்பிளையளுக்கு உதவி செய்யிற இடம். அதுக்கு வெளிநாட்டு உதவியிலை ஒரு திட்டம் வந்துது. முந்தி வந்ததெல்லாம் கோழிக்குஞ்சும் தையல் மெசினும் குடுத்த திட்டங்கள். அடிக்கிறவனுக்கு அது நல்ல வசதி, குஞ்சை வித்தும் குடிக்கலாம். இது அப்பிடியில்லை. அடிபட்டவள் ஏன் வீட்டை விட்டு ஓட வேணும், அவள் தன்ரை வீட்டுக்குள்ளை பயமில்லாமல் இருக்கட்டும் எண்டதுதான் இந்தத் திட்டம். வைரமான கதவு, நிலை, நல்ல பூட்டு, முத்தத்துக்கு ஒரு சோலர் லைற், அவசரத்துக்கு ஒரு போன், கழுத்திலை கொழுவிற சத்தக்கருவி, வழக்குப் பேச ஒரு சட்டத்தரணி, கோட்டுக்குப் போக வான். எல்லாம் இனாம். சத்தக்கருவியை அமத்திப் பாத்த முதல் நாள், குறிச்சியிலை நிண்ட கழுதையெல்லாம் சேர்ந்து கத்தினதிலை, கருவி எது கழுதை எது எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கதவு அப்பிடிப் பேய்க்காட்டாது. கதவுகளுக்குப் பொறுப்பா நிலையம் எடித்தக்காவை வைச்சுது.

ஏன் அவவை வைச்சவை எண்டு கேட்டா, "கதவில்லாத வீடு எனக்குத் தெரியும்" எண்டுவா. விடத்தல்தீவிலை பிறந்து, சின்ன வயசிலை கலியாணம் முடிச்சு, சண்டைக்காலத்திலை இடம்பெயர்ந்து, போன போன இடத்திலையெல்லாம் கிடுகுக் குடிலிலை இருந்தவ. வாசலுக்குச் சாக்குத்தான் கட்டியிருந்தவ. சாக்குக்கு ஏது பூட்டு? மனுசன் குடிச்சிட்டு வந்து அடிக்க, இவ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு ஓடுவா. தவக்காலம் வந்தா ஆரேனும் பெரியாக்கள் மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஆண்டவரே மன்னிச்சவர், நீ மன்னியன் பிள்ளை" எண்டு சொல்லி, சாக்கைத் தூக்கி அவரை உள்ளை விட்டிட்டுப் போவினம். உயிர்த்த ஞாயிறு முடிய அடி திரும்பவும் தொடங்கும். பிறகொருநாள் கடலுக்குப் போன மனுசன் வரேல்லை. ஊர் அழுதுது. எடித்தக்கா அழேல்லை. அதைக் குறையாச் சொல்லுறவை இப்பவும் இருக்கினம். சொல்லட்டும், அடிவாங்கினது அவையின்ரை முதுகில்லை.

கதவு பூட்டி முடிய எடித்தக்கா ஒரு சோதினை வைப்பா. அது திட்டத்திலை எழுதினதில்லை, அவவாக் கண்டுபிடிச்சது. வீட்டுக்காரியை உள்ளை விட்டுக் கதவைப் பூட்டச் சொல்லிப்போட்டு, தான் வெளியிலை நிண்டு புருசன் மாதிரிக் கத்துவா. "திறவடி கதவை! ஆரடி உள்ளுக்கு?" எண்டு தொடங்கி, குடைப்பிடியாலை கதவிலை அடி போடுவா. அது சரிவராட்டிக் குரலை மாத்துவா. "பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வந்தனான், ஒருக்காத் திறவன்." அதுவும் சரிவராட்டி அழுவா. அவ அழுறதைக் கேட்டா றோட்டாலை போறவன் சைக்கிளை நிப்பாட்டுவான். உள்ளை இருக்கிறவள் திறக்கக் கூடாது. அதுதான் சோதினை. முதலிலை எல்லாரும் சிரிப்பினம். கொஞ்ச நேரத்திலை உள்ளை சிரிப்பு நிண்டிடும்.

டிலக்சனா அந்தச் சோதினையிலை தோத்துப்போனவள்.

இருபத்தேழு வயசுப் பெட்டை. கருவாட்டு வாடியிலை மீன் வெட்டிக் காயப்போடுற வேலை. மதுஷிகா எண்டு அஞ்சு வயசிலை ஒரு பிள்ளை. இருக்கிற வீடு தேப்பன் கடலிலை உழைச்சுக் கட்டி, இவளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்திட்டுக் கண்ணை மூடின வீடு. புருசன் ஜெனோஜன். ஆள் வடிவு, பாட்டு நல்லாப் பாடுவான், கோயில் பாடற்குழுவிலை அவன்தான் முன்னுக்கு நிப்பான். வீட்டுக்கு வந்தாக் கையை நீட்டுவான். ஒருக்கா அவளின்ரை கையை முறிச்சும் போட்டான். அவள் ஆஸ்பத்திரியிலை விழுந்து முறிஞ்சதெண்டு சொன்னாள். அந்த வீட்டிலை அப்ப இருந்தது தகரக் கதவு. அவன் உதைஞ்சு உதைஞ்சு அது பழைய பிஸ்கற் ரின் மாதிரி நெளிஞ்சு கிடந்துது.

கடைசியா ஒருநாள் அவன் பிள்ளைக்கும் அடிச்சான். அண்டைக்குத்தான் டிலக்சனா நிலையத்துக்கு வந்தாள். அதுக்குப் பிறகு ஜெனோஜன் தமக்கை வீட்டிலை நிண்டான்.

எடித்தக்கா எருக்கலம்பிட்டித் தச்சன் நஸார் நானாவிட்டைக் கதவுக்குச் சொன்னா. நல்ல மேசன்மாரே அவரிட்டைத்தான் நிலை வாங்குவினம். திட்டத்துக்கு அவர் செய்த முதல் கதவு அது. அவர் நிலையை வைச்சுக் கதவைப் பூட்டுற நாளிலை, எடித்தக்கா டிலக்சனாவைக் கூட்டிக்கொண்டு வழக்குப் போடக் கோட்டுக்குப் போயிட்டா. வீட்டிலை நானா தனிய. வேலை முடியிற நேரம் வேலிப் படலையடியிலை ஒரு ஆள் வந்து நிண்டு, "நல்ல கதவு நானா" எண்டான்.

நானா நிமிர்ந்து பாத்தார். வாடகை வீடாக்கும், சொந்தக்காரன் பாக்க வந்திருக்கிறானாக்கும் எண்டு நினைச்சார். "தம்பிதானோ வீட்டுக்காரர்?" எண்டு கேட்டார்.

"ஓம், நான்தான் வீட்டுக்காரர்" எண்டான் ஜெனோஜன். பொய் சொல்லேல்லைத்தானே! புருசனையும் நாங்கள் வீட்டுக்காரர் எண்டுதானே சொல்லுறம். நானா பூட்டுத் திறப்பு இரண்டையும் அவன்ரை கையிலை குடுத்து, "எண்ணெய் போட்டுப் பாவியுங்கோ தம்பி" எண்டு புத்தியும் சொல்லிப்போட்டு வந்திட்டார்.

அண்டைக்குப் பொழுதுபட, டிலக்சனா திறந்து கிடந்த புதுக் கதவைச் சாத்த, பூட்டுத் தானா விழ, உள்கொண்டியும் போட்டிட்டு, திறப்பை நாளைக்கு நானாவிட்டை வாங்குவம் எண்டு இருந்தாள். கொண்டியை அவன் வெளியிலையிருந்து கம்பியாலை நெம்பினான், பூட்டைத் திறப்பாலை திறந்தான். கதவு ஒரு கிரீச்சுச் சத்தமும் போடாமல் திறந்துது. நல்ல வேலைக்காரன்ரை கதவெல்லோ! அவளுக்கு விழுந்த அடியை நான் சொல்லேல்லை. பிள்ளை சத்தக்கருவியை அமத்த, பக்கத்துச் சனம் கழுதையெண்டு நினைச்சுது.

விடிய விசயம் தெரிஞ்ச நஸார் நானா நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு நிலத்திலை குந்தியிட்டார். "அல்லாஹ்வே, என்ரை கையாலை குடுத்திட்டன் எடித்தம்மா" எண்டு அழுதார். எடித்தக்காவுக்கு வந்த கோவத்துக்கு அவரைக் குடையாலை அடிச்சிருப்பா. அடிக்கேல்லை. "அழுது என்ன பிரயோசனம் நானா? திறப்பே தேவையில்லாத ஒண்டு போடுங்கோ. உள்ளையிருந்து மட்டும் போடக்கூடியது, வெளியாலை ஆண்டவர் வந்தாலும் திறக்கேலாதது" எண்டா.

நானா முதிரைக் கட்டையிலை ஒரு திறாங்கு செய்தார். கதவுக்குக் குறுக்காலை, சுவருக்குச் சுவர் விழுகிற கட்டை. தூக்கிப் போட்டா 'டொக்' எண்டு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா வெளியிலை இருக்கிறவனுக்கு வேலையில்லை எண்டு அர்த்தம். திட்டத்திலை ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டுத்தான் எண்டு நிலையத்துக் கந்தோரிலை இழுத்தடிச்சினம். "அப்ப அவளுக்கும் ஒரு உயிர்தானே, அதுக்கு என்ன செய்யிறது?" எண்டு எடித்தக்கா கேட்டா. கந்தோர் கையெழுத்து வைச்சுது.

கோடும் அந்தக் காயத்தைப் பாத்து இடைக்காலக் கட்டளை ஒண்டு குடுத்துது. ஜெனோஜன் அந்த வீட்டு வளவுக்குள்ளை கால் வைக்கக் கூடாது. விசாரணை நடந்தாப் பிறகுதான் முழுக் கட்டளை.

அதுக்குப் பிறகுதான் எடித்தக்கா டிலக்சனாவுக்குச் சோதினை வைச்சா. கத்தினா, அவள் திறக்கேல்லை. மிட்டாய் எண்டா, திறக்கேல்லை. அழுதா, திறக்கேல்லை. எடித்தக்காவுக்குச் சந்தோசம். கடைசியா ஒண்டு சொல்லிப் பாப்பமெண்டு, குரலைப் பதிச்சு, "மாதாவாணை டிலக்சனா, இனி உன்னிலை கை வைக்க மாட்டன்" எண்டா.

உள்ளை திறாங்கு தூக்கிற சத்தம் கேட்டுது. கதவு திறந்துது. டிலக்சனா கண்ணீரோடை நிண்டாள். "நீங்கள் எண்டு தெரியும் அக்கா. மாதாவெண்டவுடனை கை தானாப் போகுது" எண்டாள்.

"உன்ரை கையை வெட்டித்தான் போட வேணும்" எண்டு பேசிப்போட்டு, எடித்தக்கா அவளைக் கட்டிப்பிடிச்சா. தன்ரை சாக்கு வாசல் அவவுக்கு ஞாபகம் வந்துது.

இப்ப ஒக்டோபர் மாசம் வருகுது. செபமாலை மாசம். அந்தக் குறிச்சியிலை ஒரு வழக்கம், மாதா சுரூபம் ஒழுங்கைப்படி வீடு வீடாப் போகும். ஒரு வீட்டிலை ஒரு இரவு தங்கும். அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டு ஆம்பிளை சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டிலை வைப்பார். சனமெல்லாம் மெழுகுதிரியோடை பின்னாலை போகும். படலையடியிலை கோயிலுக்குப் பொறுப்பான மூப்பர் நிண்டு, "மாதா வந்திருக்கிறா! வீட்டுக்காரர் வந்து ஏற்றுக்கொள்ளுங்கோ!" எண்டு குரல் குடுப்பார். மாதா வாற நாளிலை கதவைச் சாத்தி வைச்ச வீடு அந்தக் கரையிலை ஒருநாளும் இருந்ததில்லை.

டிலக்சனா வீட்டுக்கு முந்தின வீடு ஜெனோஜன்ரை தமக்கையின்ரை வீடு. தமக்கையின்ரை மனுசன் கட்டாரிலை. அப்ப மாதாவைத் தூக்கிறதார்? தம்பிதான்.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்க டிலக்சனா போன் எடுத்தாள். "அக்கா, நாளைக்கு மாதா எங்கடை வீட்டை வாறா. அவர்தான் கொண்டு வாறார். மூப்பரும் ஓமெண்டிட்டார்."

எடித்தக்கா முதல் மூப்பர் அம்புறோசுக்குப் போன் எடுத்தா. அம்புறோஸ் கெட்ட மனுசனில்லை. அதுதான் கரைச்சல். கெட்டவனெண்டாப் பேசிப்போட்டு வைச்சிருக்கலாம். "எடித், பிரிஞ்சதுகளை மாதா சேத்து வைக்கப் பாக்கிறா. அவவே கூட்டிக்கொண்டு வாறா, நாங்கள் ஆர் மறிக்க? ஒரு செபமாலை சொல்லட்டும், ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும், எல்லாம் சரியாகும்" எண்டார்.

"கோட்டுக் கட்டளை இருக்கு மூப்பர்."

"அது மனிசற்றை கட்டளை பிள்ளை."

எடித்தக்கா போனை வைச்சிட்டு, நிலையத்துச் சட்டத்தரணி ஜெஸ்லியாவிட்டை ஓடினா. ஜெஸ்லியா தலையிலை கை வைச்சா. "அவர் ஒருக்கா உள்ளை வந்து இருந்தாக் காணும். இவவே கதவைத் திறந்து விட்டவ, சேர்ந்து செபம் சொன்னவை, சமாதானமாப் போட்டினம் எண்டு எதிர்த்தரப்பு சொல்லும். முழுக் கட்டளை கிடைக்காது. பேந்து அவர் அந்த வீட்டிலைதான் இருப்பார்." பொலிசுக்கும் சொல்லிப் பாத்தினம். சண்டை நடந்தாப் போன் எடுங்கோ, செப ஊர்வலத்துக்குள்ளை வந்து என்னெண்டு மறிக்கிறது எண்டு பதில் வந்துது.

அடுத்த நாள் மத்தியானப் பஸ்ஸிலை எடித்தக்கா போய் இறங்கினா. டிலக்சனா முத்தம் கூட்டித் தண்ணி தெளிச்சு, கதவிலையிருந்து படலை வரைக்கும் ஒரு வெள்ளைச் சீலையை விரிச்சுக்கொண்டிருந்தாள். அதைக் கண்டவுடனை எடித்தக்காவுக்கு உச்சியிலை ஏறியிட்டுது.

"என்னடி இது? அவன் மிதிச்சு வாறதுக்கோ விரிக்கிறாய்?"

"மாதாவுக்கு அக்கா."

"உனக்கு விசரே? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னோடை வா. ரண்டு நாள் நிலையத்திலை நில்."

"நான் போனா, அவர் தமக்கையோடை வந்து குந்தியிடுவார். திரும்பி வர எனக்கு வீடிருக்காது."

"அப்ப கதவைப் பூட்டிப்போட்டு உள்ளை இரு. திறாங்கு இருக்கு."

டிலக்சனா சீலையின்ரை மடிப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "மாதா வாசலிலை நிக்க நான் கதவைப் பூட்டினா, நாளைக்கு வாடியிலை எனக்குப் பக்கத்திலை ஆர் இருந்து மீன் வெட்டுவினம்? என்ரை பிள்ளையோடை ஆர் விளையாட விடுவினம்? நான் இஞ்சைதானே அக்கா சீவிக்க வேணும்" எண்டாள்.

திறந்தா வீடு போகும், பூட்டினா ஊர் போகும். முப்பது வருசத்துக்கு முந்தி எடித்தக்காவுக்கும் இதே கதைதான். "அப்ப என்ன செய்யப் போறாய்?" எண்டு கேட்டா. டிலக்சனா சீலையிலை ஏறின ஆட்டுக்குட்டியைக் கலைச்சுப்போட்டு, காத்துக்கு எழும்பாமல் கல்லு வைச்சாள்.

பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்துது. தமக்கை வீட்டிலையிருந்து பாட்டுக் கேட்டுது. ஜெனோஜன்ரை குரல்தான் முன்னுக்கு. பாழாப்போன குரல், என்ன இனிமை! எடித்தக்காவும் டிலக்சனாவும் கதவைச் சாத்தித் திறாங்கு போட்டிட்டு உள்ளை நிண்டினம். எடித்தக்கா யன்னலாலை பாத்தா. வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைச்சு இழுத்த தலை, புதுநன்மை வாங்கக் கோயிலுக்குப் போற பிள்ளை மாதிரி வாறான். கையிலை நீலப் போர்வை மாதா. பின்னாலை ஒழுங்கை நிறையச் சனம், மெழுகுதிரி, பொம்பிளையள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வருகினம். புருசனும் பெண்சாதியும் சேரப் போயினம் எண்ட கண்ணீர். எடித்தக்காவுக்குக் கோதாரி விழுவாங்கள் எண்டு வாய் வரைக்கும் வந்துது, மாதாவைக் கண்டிட்டு முழுங்கினா.

படலையடியிலை மூப்பர் குரல் குடுத்தார். "மாதா வந்திருக்கிறா! வீட்டுக்காரர் வந்து ஏற்றுக்கொள்ளுங்கோ!"

எடித்தக்கா திறாங்கிலை இரண்டு கையையும் வைச்சு அமத்திக்கொண்டு நிண்டா.

"அக்கா, கையை எடுங்கோ" எண்டாள் டிலக்சனா.

"பிள்ளை, திறந்தா முடிஞ்சுது."

"இது என்ரை கதவு அக்கா. எடுங்கோ."

எடித்தக்கா எத்தினை வீட்டுக்குக் கதவு போட்டவ, எத்தினை பேருக்குச் சொல்லிக் குடுத்தவ, இது உன்ரை கதவு, நீதான் திறக்க வேணும், நீதான் பூட்ட வேணும் எண்டு. இப்ப அந்தச் சொல்லே திரும்பி வந்து அவவின்ரை கையைப் பிடிச்சுது. எடுத்தா. இதுவும் போச்சு எண்டு நினைச்சா.

டிலக்சனா திறாங்கைத் தூக்கினாள். கதவைத் திறந்து வெளியிலை போனாள். போனவள், கதவைத் தன்ரை முதுகுக்குப் பின்னாலை இழுத்துச் சாத்தினாள். அதை எடித்தக்கா எதிர்பாக்கேல்லை. யன்னலுக்குப் பாய்ஞ்சா.

வெள்ளைச் சீலையிலை டிலக்சனா நடந்து போனாள். படலையைத் திறக்கேல்லை. படலைக்கு மேலாலை இரண்டு கையையும் நீட்டி மாதாவைப் பிடிச்சாள்.

"தாங்கோ" எண்டாள்.

ஜெனோஜன் விடேல்லை. சிரிச்சுக்கொண்டு, சனத்துக்கும் கேக்கத்தக்கதா, "உள்ளை கொண்டந்து நான்தான் வைக்க வேணும் டிலக்சனா. அதுதானே முறை" எண்டான்.

"வீட்டுக்காரர் வந்து ஏற்றுக்கொள்ள வேணும். அதுதான் முறை. மூப்பர் இப்பதானே சொன்னவர்."

"அப்ப நான் ஆர்? நான்தானே உன்ரை வீட்டுக்காரர்."

டிலக்சனா அவன்ரை முகத்தைப் பாத்தாள். எத்தினையோ நாளைக்குப் பிறகு நேராப் பாத்தாள். "இது என்ரை அப்பா கட்டின வீடு. உறுதி என்ரை பேரிலை. இந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் நான்தான்" எண்டாள்.

பாட்டு நிண்டு போச்சுது. சுரூபத்திலை நாலு கை. இழுத்தா மாதா விழுவா. ஒரு கிழவி, "விடு தம்பி, மாதா விழப்போறா!" எண்டு கத்தினா. அவனுக்கு வேறை வழியில்லை, கையை எடுத்தான். டிலக்சனா மாதாவைப் பிள்ளையைத் தூக்கிற மாதிரி நெஞ்சோடை அணைச்சாள். அதுக்குப் பிறகுதான் ஒரு கையாலை படலையைத் திறந்தாள்.

"எல்லாரும் வாங்கோ, செபமாலை சொல்லுவம்" எண்டாள். அவனைப் பாத்து, "நீங்கள் நில்லுங்கோ."

மூப்பர் முன்னுக்கு வந்தார். "பிள்ளை, செப நேரத்திலை உப்பிடி..."

"கோட்டுக் கட்டளை அவருக்குத்தான் மூப்பர். மாதாவுக்கில்லை, உங்களுக்குமில்லை. வாங்கோ, வாங்கோ."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்க, முதல் உள்ளிட்டது ஆரெண்டு நினைக்கிறியள்? ஜெனோஜன்ரை தமக்கை! கையிலை மெழுகுதிரி, தலையிலை முக்காடு, தம்பியை நிமிர்ந்தும் பாராமல் சீலையிலை நடந்து வந்தா. அவவின்ரை மனுசனும் கட்டாருக்குப் போக முந்திக் கை நீட்டினவன்தானே, அவவுக்குத் தெரியாததே. அவவுக்குப் பின்னாலை கிழவி, கிழவிக்குப் பின்னாலை சனம் முழுக்க. மூப்பர் கடைசியா நிண்டார். அவனைப் பாத்தார், மாதாவைப் பாத்தார், செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்தார்.

ஜெனோஜன் வெறுங்கையோடை படலையடியிலை நிண்டான். ஒருக்காப் படலையை உதைஞ்சான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை, உள்ளை அருள்நிறை மரியே தொடங்கியிட்டுது. மழைத் துமி விழ, அவன் சேட்டுக் கொலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வாடிப்பக்கம் போயிட்டான். எடித்தக்கா குசினிக்குள்ளை போய், பானைக்குப் பக்கத்திலை குந்தியிருந்து ஏங்கி ஏங்கி அழுதா. மனுசன் செத்ததுக்கு அழாத மனுசி.

வழக்கு என்னாச்செண்டு கேப்பியள். நினைச்ச மாதிரியே எதிர்த்தரப்பு, புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செபமாலை சொன்னவை எண்டு கதை விட்டுது. மூப்பர் அம்புறோஸ் கேக்காமலே வந்து சாட்சிக் கூட்டிலை ஏறினார். "ஐயா, நான் உள்ளை நிண்டனான். அவன் படலைக்கு வெளியிலை நிண்டவன். மாதா சாட்சி" எண்டார். ஒரு வருசத்துக்கு முழுக் கட்டளை கிடைச்சுது. அதெல்லாம் பிறகு நடந்தது. அண்டைக்குப் பின்னேரம் நடந்ததிலை இன்னும் ஒண்டு இருக்கு.

செபம் முடிஞ்சு, கடலை குடுத்து, சனம் போனாப் பிறகு, எடித்தக்கா கடைசி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டா. டிலக்சனா கதவைச் சாத்த, உள்ளை திறாங்கு 'டொக்' எண்டு விழுந்துது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டுப் படியிறங்கின மனுசிக்கு, மழை பிடிச்சுக்கொண்டு கொட்டத்தான் ஞாபகம் வந்துது, குடை உள்ளை.

ஓடி வந்து கதவிலை தட்டினா. "பிள்ளை, திறவணை!"

"ஆர்?"

"நான்தான், எடித். குடையை விட்டிட்டன்."

உள்ளை மதுஷிகா கிளுக்கெண்டு சிரிச்சது கேட்டுது.

"சோதினையோ அக்கா?" எண்டாள் டிலக்சனா.

"சோதினையில்லையடி! சத்தியமா! மாதாவாணை என்ரை குடை உள்ளை! நான் நனையிறன்!"

"மாதா இஞ்சை என்னோடை இருக்கிறா அக்கா. விடிய பஸ்ஸிலை குடை குடுத்து விடுறன். கெதியா ஓடுங்கோ, நனைஞ்சு காய்ச்சல் வரப்போகுது."

கதவு திறக்கேல்லை. எடித்தக்கா தோளாலை ஒருக்கா இடிச்சும் பாத்தா. நஸார் நானாவின்ரை கதவு அசையேல்லை. மழைக்குள்ளை, முழங்கால் வரைக்கும் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, அவ பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினா. தலையாலை தண்ணி வடிய வடிய ஏறின மனுசியைப் பாத்து, "என்ன கதவக்கா, குடையெங்கை?" எண்டு கொண்டக்டர் பெடியன் கேட்டான்.

"உள்ளை விடமாட்டன் எண்டிட்டாள்ரா!" எண்டு சொல்லி எடித்தக்கா சிரிச்சா. அந்த பஸ்ஸிலை அவ சிரிச்சதை அண்டைக்குத்தான் சனம் முதல் முதல் கண்டது.